பத்தாவது ஆள்

பிறர் வீட்டு விஷயத்தை எட்டிப் பார்க்கும் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதை மறைக்க நான் மெனக்கெட்டதுமில்லை. கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்ததும் நான் முதலில் எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டு மாடியைத்தான். சனிக்கிழமை காலையில் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு அங்கே ஏறிப் போவார்கள். பத்துப் பேர். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர்கள் வாசலுக்கு வந்து தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்கள் யூதர்கள் என்று மாமனார் சொன்னார். அவர் துறைமுகத்தில் சுமை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரர் கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் கொடுப்பவர். இருவருக்கும் நல்ல பழக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியை நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். எங்களைப் போலவே பேசுவார், எங்களைப் போலவே மீன்காரியிடம் சண்டை போடுவார். ஆனால் இறால் வேண்டாம் என்பார். ராயபுரத்தில் இறாலை வேண்டாமென்ற மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏன் என்று துளைத்தேன். எங்கள் வழக்கம் அப்படி என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் பெரிம்மாவின் புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போதுதான் அந்தப் பத்துப் பேரின் கணக்கு எனக்குப் புரிந்தது. இறந்த அப்பாவுக்காக மகன் ஒரு வருஷம் போல ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். அதற்குப் பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஊரில் இருந்த பத்துப் பேரில் செத்தவரும் ஒருவர். அவர் போனதாலேயே அவருக்கான பிரார்த்தனை நின்றுபோயிற்று. இது என்ன அநியாயம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களைச் சேர்த்தால் பத்து ஆகிறதே என்று பெரிம்மாவிடம் கேட்டேன். பெண்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள் என்றார். ஆத்திரம் இன்னும் கூடிற்று.

மாமனாருக்கு விஷயம் சுலபமாகத் தெரிந்தது.

"நான் வந்து குந்திக்கிறேன்மா. சும்மா குந்திகினு இருக்கத்தானே?"

யூதராக இருக்க வேண்டும் என்று பெரிம்மாவின் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து, வந்து நிற்கிற கப்பலில் எல்லாம் ஏறி யூதர் உண்டா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து என்ன கேட்டாரோ, பல கப்பல்களில் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் மாடியில் வேறு பேச்சு ஆரம்பமாகியிருந்தது. ஒன்பது பேராக இங்கே இருந்து என்ன செய்வது? பம்பாயில் அவர்களுடைய ஜனம் நிறைய இருந்தது. போனால் எல்லாரும் குடும்பத்தோடு சேர்ந்து போவது, இருந்தால் சேர்ந்து இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். முடிவு மட்டும் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மாமனார் ஒரு சிவப்புத் தாடிக்காரரை ரிக்‌ஷாவில் கூட்டிவந்தார். சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. ஆனால் மாடியில் அவர்களுடைய புத்தகத்தைக் கொடுத்ததும் கடகடவென்று படித்தார். பெண்களுக்கென்று கட்டியிருந்த திரைக்கு இந்தப் பக்கம் பெரிம்மாவோடு நானும் உட்கார்ந்திருந்தேன். மகன் எழுந்து அந்தப் பிரார்த்தனையைச் சொன்னான். நடுநடுவே மற்றவர்கள் சேர்ந்து ஆமென் என்றார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. பெரிம்மா அழவில்லை, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

தாடிக்காரர் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் ஒன்பது பேரும் எழுந்திருக்கவில்லை. கப்பல் வந்தால்தான் பிரார்த்தனை என்று எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று ஒருவர் கேட்டார். அதோடு முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் பம்பாய். மகன் திரைப்பக்கம் வந்து, என்னென்ன எடுத்துக்கொள்வது என்று அம்மாவிடம் கேட்டான்.

நான் வரவில்லை என்றார் பெரிம்மா. எல்லாரும் ஒன்றாக என்றுதானே பேச்சு என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

"பத்துல நான் இல்லியே," என்றார் பெரிம்மா. "அங்க நான் வராங்காட்டி ஒண்ணும் கொறையாது. இங்க நானும் இல்லாங்காட்டி அந்தக் கல்லறையாண்ட ஆரு கீறாங்க?"

அடுத்த மாதம் ஒன்பது பேரையும் குடும்பத்தோடு பம்பாய் ரயிலேற்றிவிட நானும் மாமனாரும்தான் ஸ்டேஷனுக்குப் போனோம். பெரிம்மா மகனை வாசலிலேயே அனுப்பிவிட்டுக் கல்லறைக்குப் போய்விட்டார்.