ட்ரோன் சுற்றிப்போன இடம்

எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. பல்லி கத்தினால்கூட ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். பிழைப்போ ட்ரோனைப் பறக்கவிட்டுத் தோட்டங்களைப் படமெடுப்பது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் பாதிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அந்த ஏறிய பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்கும்.

போன மாதம் வந்த வேலை, சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் நான் பிறந்த தோட்டம். கிழட்டுச் செம்பனை எண்ணெய் மரங்களைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்யப் போகிறார்கள். மண்வாரி மெஷின் எங்கே இறங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை என் படத்தைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். தோட்டத்தின் கோடியில், மரங்களுக்கு நடுவே எங்கள் இடுகாடு. பத்துப் பன்னிரண்டு மண்மேடுகள். அதில் ஒன்று அப்பா.

படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அப்பா பாயில் தூங்கினால் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வருவேன். அன்றும் இடுகாடு நெருங்கியதும் என் விரல் தானாக ட்ரோனைத் திருப்பிவிட்டது. அப்பாவின் தலைக்கு மேல் போக மனம் வரவில்லை. சுற்றிவர எடுத்ததே போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போதவில்லை. படத்தில் பொத்தல் விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரோ அக்கம்பக்கத்துப் படங்களின் ஓரங்களை இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டது. பச்சைப் பசேலென்று மரங்கள். நானும் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ராசா டவுனில் எங்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தபோது தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, போன் செய்தார்.

"தங்கச்சி, மெஷின் நம்ம இடுகாட்டுப் பக்கம் போவுது லா. கத்துறேன், ஓட்டுறவன் கேக்க மாட்டேங்கிறான். மேப்புல ஒண்ணுமே இல்லேங்கிறான். மேனேஜரும் போன எடுக்கல. சீக்கிரம் வா!"

தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். "எங்கடி ஓடுற?" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல அவசரம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வழியெல்லாம் மண்டோருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "ஐயோ அப்பா, ஐயோ அப்பா" என்று வாய்விட்டு அழுதேன்.

போய்ச் சேர்ந்தபோது மெஷின் நின்றிருந்தது. மேடுகளில் பாதியைக் காணோம். அப்பா இருந்த வரிசை முழுக்கச் செம்மண் புரண்டு கிடந்தது. மண்டோர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மெஷின் ஓட்டியவன் வெளிநாட்டுக்காரன், சின்ன வயது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து போனை நீட்டினான்.

"சினி தாடா குபோர், காக்" என்றான். இங்கே கல்லறையே இல்லையே அக்கா என்கிறான். என் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினான்.

"பொய் சொல்றான் பாரு, படுபாவி! போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்" என்று மண்டோர் கத்தினார்.

அவன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பின்னே யார் மேல் என்று மண்டோர் கேட்பார். வீட்டில் அம்மாவும் கேட்பாள். நான் அவன் நீட்டிய போனைத் தள்ளிவிட்டு, அப்பா இருந்த வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.