நல்லெண்ணெய் தடவிய புல்லி

2004ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முந்தின இரவு அடித்த புழுதிக் காற்றில் மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பே மஞ்சள் பொடி தூவினாற்போல் கிடந்தது. விடியும்போதே முப்பத்திரண்டு டிகிரி. நான் என் மகனுடைய காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இஞ்சின் சுழன்றுவிடாமலிருக்க டாப் கியரில் போட்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தேன். அவன் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி, இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பெரிய போல்ட்டோடு மல்லுக்கு நின்றான்.

அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. குர்காவ்ன் சம்பளத்தில் பாதி அந்தக் காருக்கே போய்க்கொண்டிருந்தது. பெயருக்குத்தான் குடும்பக் கார். உள்ளே ரேஸ் இஞ்சின் என்பான். ஏ.சி., பவர் ஸ்டியரிங், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. அந்தப் பெல்ட்டை இழுப்பது இஞ்சினோடு சுழலும் ஒரு கனத்த இரும்புப் புல்லி. அதை எடுத்துவிட்டுச் சிறிய அலுமினியப் புல்லி போட்டால் இஞ்சினுக்குச் சுமை குறையும், கார் சட்டென்று வேகம் பிடிக்கும் என்று நண்பன் மூலம் அமெரிக்காவிலிருந்து வரவழைத்திருந்தான். நீல நிறத்தில் நகைபோல இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு தக்காளி எடைகூட இல்லை.

என் கவலை புல்லி அல்ல. அன்று பதினொரு மணிக்கு ஆர்.கே.புரம் மலைக் கோயிலில் பெண் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது இரு தரப்புக்கும் சங்கடம் என்பதால், தில்லியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் கோயிலில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்தித்துக்கொள்வது வழக்கம். இதற்கு முன் ஐந்து வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றில் காரணம் கார்தான். ஒரு பெண்ணிடம் நாற்பது நிமிடம் சைலன்சர் பற்றியே பேசியிருக்கிறான். ஆகவே இந்த முறை கார் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தேன். நல்ல இடம். இதுவும் போனால் அடுத்தது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழரைக்குள் புதுப் புல்லியும் அதற்கேற்ற சிறிய பெல்ட்டும் ஏறிவிட்டன. இஞ்சின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் புல்லி வெள்ளிக்கிழமை முதல் எங்கள் பூஜை அலமாரியில் இருந்தது. தோசைக்கல்லோ அரிவாள்மணையோ, புதுச் சாமான் எதுவானாலும் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் என் மனைவி புழங்கவிடுவாள். புல்லிக்கும் நல்லெண்ணெய் தாராளமாகவே கிடைத்திருந்தது. மகன் மாட்டும்போது மேலாகத் துடைத்தான். பெல்ட் உட்காரும் பள்ளங்களுக்குள் இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். நிஜாமுதீன் பாலத்தில் ஏ.சி. போட்டதும் முன்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல். ஏ.சி.யை அணைத்தால் அடங்கியது. பிறகென்ன, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அனல் காற்றில் மூன்று பேரும் வெந்துகொண்டே மெதுவாகப் போனோம். கோயிலை அடைந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. பெண்ணும் பெற்றோரும் வேப்பமர நிழலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே இடம் இருக்கிறதென்று மகன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான்.

அப்போது எழுந்த அலறலை எப்படி எழுதுவது? கோயில் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்பவர் எழுந்து நின்றுவிட்டார்.

பெண்ணின் அப்பா கை கூப்பிக்கொண்டே வந்தார். "வாங்கோ ஸார். முருகனோட மயில்தான் கத்தறதுன்னு மரத்தைப் பார்த்துண்டிருந்தேன்."

என் மகன் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். ஆனால் பெல்ட்டை வழுக்கவைத்துக் கத்தவிட்ட எண்ணெயைப் புல்லியில் பார்த்ததும் தாங்கவில்லை. எடை, விட்டம், அமெரிக்கா, அம்மாவின் பூஜை என்று எல்லாம் கொட்டிவிட்டது. ஆறாவது வரனும் போயிற்று என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பெண் பள்ளியில் கெமிஸ்ட்ரி ஆசிரியை. மாம்பழ நிறப் பட்டுப்புடவையோடு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதைப் போட்டா என்ன லாபம்?"

"சீக்கிரம் போகலாம்" என்றான் மகன்.

"எங்கே? இங்கே வரவே இருபத்தஞ்சு நிமிஷம் லேட்."

என் மகன் சிரித்தான். ஐந்து பெண் பார்த்தலிலும் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

எண்ணெயைப் போக்கத் தன் ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவள் அப்பா. "அதுல ஆயில் கலந்து ஓட்டறோமேப்பா, எண்ணெய் மேல எண்ணெயா?" என்று அவள் தடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய் கெமிஸ்ட் கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி வந்தாள். இஞ்சின் சூட்டில் ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும் என்று நான் பதறி, கால் மணி நேரம் ஆற வைத்தேன்.

புல்லியின் மறுபக்கத்தைத் துடைக்க அது சுழல வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு உள்ளே கை விட நான் சம்மதிக்கவில்லை. காலையில் செய்ததுபோல டாப் கியரில் போட்டு, காரை ஒரு சாண் தள்ளினால் புல்லி கொஞ்சம் திரும்பும். ஆகவே அவள் டிரைவர் சீட்டில் ஹாண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் அப்பாவும் பின்னாலிருந்து தள்ளினோம். கார் நின்றதும் என் மகன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே கை விட்டுத் துடைத்தான்.

"பிரேக் போட்டாச்சாம்மா?" என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

பத்தாவது முறை அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "போட்டாச்சு மாமா. அவர் கை எனக்கும் வேணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தலை உள்ளே போய்விட்டது. என் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் தள்ளுவதை நிறுத்தினார். "ஸார், ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்கணுமா என்ன?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

கத்தல் முற்றிலும் நின்றபோது மணி பன்னிரண்டரை, சந்நிதி சாத்தியாகிவிட்டது. மூடிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டோம். இரண்டு அப்பாக்களின் வெள்ளைச் சட்டையிலும் ஒரே மாதிரி புழுதிக் கை அடையாளம்.

ஆவணியில் கல்யாணம். அடுத்த கோடையில் மருமகளே பழைய இரும்புப் புல்லியைத் திரும்ப மாட்டச் சொன்னாள். சிக்னலில் நின்றால் சிறிய புல்லி பெல்ட்டைச் சுற்றும் வேகம் போதாமல் ஏ.சி. குளிரவில்லை, பாட்டரி எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று. நீலப் புல்லி இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட். அதற்கும் உதவவில்லை, ஃபேன் போட்டால் காகிதம் பறக்கிறது. ஆனாலும் அதை அங்கிருந்து எடுக்க விடமாட்டேன். மகனைப் பற்றி எதை மறைக்க அத்தனை பாடுபட்டேனோ, அதுதான் அவனுக்குப் பெண் தேடித் தந்தது என்று அது தினமும் சொல்கிறது.

அன்று எனக்கு ஆன செலவு: பார்க்கிங் பத்து ரூபாய், ஸ்பிரிட் இருபத்திரண்டு, ஆட்டோ இருபது, ஆக ஐம்பத்திரண்டு ரூபாய்.