இஸ்திரி அக்கா எழுதிக் கொடுத்த தாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக விரிப்புகளைத் தேய்க்கிறவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வயது. இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை, கட்டினவன் கொடுத்த பரிசு. சட்டையில் பொத்தான் அறுந்திருந்ததற்காக அவன் விட்ட ஒரு அறை. இரண்டாம் தடவை விலா உடைந்தபோது அவனை விட்டு வந்தாள். பெற்ற தாயே அவளை வாசலில் நிறுத்தி, "நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

அப்போது கதவைத் திறந்தது சபைதான். சபை என்றால் கட்டடம் இல்லை. வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ். அவள் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. தன் ஒற்றை அறையில் பாதியை மூன்று மாதம் கொடுத்தாள், அவ்வளவுதான். அந்த நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் இஸ்திரி அக்கா ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் புதுப் போதகர் வந்தார். வாரம் ஒருநாள் கூடிப் பாடிவிட்டுக் கலைகிற கூட்டம் சபை ஆகாது, ஒவ்வொருவரும் இன்னொருவரைத் தாங்கினால்தான் இயேசுவின் வழி நடக்கிற சீஷத்துவம் வேர்பிடிக்கும் என்றார். சொன்னதில் தப்பில்லை. செய்த ஏற்பாட்டில்தான் விஷம் இருந்தது. ஒவ்வொரு புது விசுவாசிக்கும் ஒரு வழிகாட்டி. வாராவாரம் வழிகாட்டி ஒரு தாளை நிரப்பித் தரவேண்டும். பலவீனம், சோதனை, தீர்மானம் என்று மூன்று கட்டங்கள். ஆணின் தாள் போதகருக்குப் போகும். மனைவியின் தாளோ அவள் கணவனுடைய வழிகாட்டியின் கைக்குப் போகும். புருஷன்தான் தலை, தலைக்குத் தெரியாமல் உடம்பு எப்படி நடக்கும் என்று போதகர் கேட்டார். அந்த உடம்புக்கும் சொந்தமாக ஒரு தலை இருக்குமே என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இஸ்திரி அக்கா ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. அதற்காகப் போதகர் மேடையிலேயே பாராட்டியிருக்கிறார்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் ஒரு தையல்காரி. திரைச்சீலை தைப்பவள். புருஷன் லாரி மெக்கானிக், அவனுக்கு வழிகாட்டி மெத்தைக்கடைக்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரி முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். மெல்லிய சிவப்புக் கோடு சுற்றி ஓடியது.

"இஞ்ச் டேப்பை எடுத்துச் சுத்தி இறுக்கிட்டான் அக்கா. கழுத்தளவு எடுக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே."

"எதுக்குடி?"

"எதுக்குன்னு அவனைத்தான் கேட்கணும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலமே இஸ்திரி அக்கா தாளை எடுத்தாள். தீர்மானம் என்ற கட்டத்தில், 'சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். ஜெபிக்கவும்' என்று முத்துமுத்தாக எழுதினாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நாலு பேர் முட்டி போட்டால் பஸ் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நம்பினாள்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். தையல்காரியின் தோளில் பை தொங்கியது. அவள் வலது கையை இழுத்துத் தையல் மெஷினின் தகட்டின் மேல் வைத்து, வீல் ஸ்பேனரால் ஓங்கி அடித்தான். ஒரு அடி இல்லை. நாலு விரலும் நசுங்கும்வரை அடித்தான். "சம்பாதிக்கிற கைங்கிற திமிருதானே?" என்றான். அவள் விழுந்த பிறகு முகத்தை மிதித்தான். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது அவன் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை, தையல்காரியைச் சேர்த்திருந்த வார்டு வாசலில் போதகரும் மெத்தைக்கடைக்காரரும் இஸ்திரி அக்காவுக்காகக் காத்திருந்தார்கள்.

"சாயங்காலம் இன்ஸ்பெக்டரம்மா வாக்குமூலம் வாங்க வர்றாங்க சகோதரி," என்றார் போதகர். "மெஷின் மேல விழுந்துட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பா. ஸ்டேஷன்ல பேசி அவனை என் பொறுப்புல கூட்டிட்டு வந்திருக்கேன், மனம் திரும்பிட்டான். இன்னைக்கு ஆராதனையில சாட்சி சொல்றான். சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"அவ கிளம்புறது அவனுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

மெத்தைக்கடைக்காரர் அப்பாவியாகப் பார்த்தார். "உன் தாள்லதானேம்மா இருந்துச்சு? கடைக்குக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். குடும்பம் பிரியக் கூடாதுல்ல?"

அவள் உள்ளே போனாள். தையல்காரியின் ஒரு கண் முழுசாக மூடியிருந்தது.

"உங்ககிட்ட மட்டும்தானே அக்கா சொன்னேன்."

"ஆமா. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

தையல்காரி இடது கையால் அறைந்தாள். கட்டிலின் கம்பியில் போய் மோதி இஸ்திரி அக்காவின் உதடு கிழிந்தது.

"போ. இதையும் எழுதிக் குடு."

"விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள் இஸ்திரி அக்கா, ரத்தத்தைத் துடைக்காமல். "அப்படிச் சொன்னா உன்னை அவன்கிட்டயே அனுப்பிடுவாங்க. சொல்லாதே."

"உன் பேச்சைக் கேட்டது போதும்."

இஸ்திரி அக்கா அங்கிருந்து நேராக ஆராதனைக்குப் போனாள். மெக்கானிக் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டிருந்தான். சாத்தான் தன் கையைப் பிடித்துக்கொண்டானாம். நாலைந்து ஆண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இஸ்திரி அக்கா நடுவழியே நடந்து முன்னால் போனாள்.

"சாத்தான் கையில ஸ்பேனர் இல்ல தம்பி. உன் கையிலதான் இருந்துச்சு."

"சகோதரி, உட்காருங்க," என்றார் போதகர்.

"உட்கார்ந்து உட்கார்ந்துதான்யா இந்தக் கதி." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "அவ பஸ் நேரத்தை நான் எழுதினேன். மெத்தைக்கடைக்காரர் படிச்சுக் காட்டினார். இவன் அடிச்சான். நீங்க அழுதுக்கிட்டே சொல்றதெல்லாம் இப்படித்தான் உங்க புருஷன்மார் காதுக்குப் போகுது. சாமிக்குப் போகுதுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க."

மனம் திரும்பியவன் மறுபடி திரும்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவள் தோளில் இறக்கினான். காரை எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. விழுந்தவளை உதைத்தான். ஆண்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. போதகர் கண்ணை மூடி உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்.

கடைசி வரிசையில் ஒருத்தி, நடுவழிக்கு அந்தப் பக்கமிருந்து தன்னை எட்டிப் பிடித்த புருஷனின் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எண்ண முடியவில்லை. நீள பெஞ்சு ஒன்றைத் தூக்கிவந்து மெக்கானிக்கின் முழங்காலில் இடித்தார்கள். அவன் சரிந்தான். ஒருத்தி அவன் மண்டையைக் குறிவைத்து ஸ்டாண்டை ஓங்கினாள்.

"அடிக்காதீங்க," என்றாள் தரையில் கிடந்த இஸ்திரி அக்கா. "மேல ஏறி உட்காருங்க."

பெஞ்சை அவன்மேல் கவிழ்த்து ஆறு பேர் உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும்வரை இறங்கவில்லை.

சாயங்காலம் இஸ்திரி அக்கா தோளில் கட்டோடு தையல்காரியின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். இன்ஸ்பெக்டரம்மா எழுதிக்கொண்டே, "இவங்க கிளம்புறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"நான் எழுதிக் குடுத்த தாள் மெத்தைக்கடையில இருக்கு. என் கையெழுத்துதான். எடுத்துக்குங்க."

"உங்களையும் கோர்ட்ல நிறுத்திக் கேட்பாங்களே?"

"கேட்கட்டும்மா. என் பேரையும் போட்டுக்குங்க."

தையல்காரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "நான் எதுமேலயும் விழல," என்று ஆரம்பித்து, பூட்டிய கதவிலிருந்து ஸ்பேனரின் நீளம்வரை ஒன்று விடாமல் சொன்னாள்.