ஒரு கோல்கீப்பரும் நல்லசிவம் அண்ணாச்சியின் பத்திரமும்

நல்லசிவம் அண்ணாச்சியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் முழிப்பார். அடுத்த வருடப் பொங்கல் என்ன கிழமை என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறவர் வேறு எப்படி இருப்பார்? ஆடி மாதமே அடுத்த வருடத்துக்குக் குடிபோய்விடுகிற மனிதர்.

எம். புதுப்பட்டியில் எங்கள் கால்பந்து கிளப்புக்கு அவர் தலைவர், நான் செயலாளர். பந்து, ஜெர்சி, ஆட்டத்தன்று புரோட்டா எல்லாம் அவர் உபயம் என்பதால் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. டிவியில் வெளிநாட்டு கிளப்புகளைப் பார்த்துப் பார்த்து, நமக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஒரு நாள் கிளம்பினார். 2024 ஆடிப்பெருக்கு அன்று, அடுத்த வருடக் காலண்டர்களுக்குப் பூஜை போட்ட கையோடு, கோல்கீப்பர் மாரிக்கண்ணனை உட்காரவைத்துத் தானே பத்திரம் எழுதினார். கீழே கண்ட தேதி முதல் மூன்று வருடம் அவன் எங்களுக்குத்தான். நடுவில் விடுவிக்க வேண்டுமானால் கேட்கிற கிளப் இரண்டு ஆட்டக்காரர்களைத் தர வேண்டும். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

மாரிக்கண்ணன் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. வயது முப்பத்தொன்று. கரிசல் தரையில் பாய்ந்து பாய்ந்து அவன் முழங்கைகளில் தோலே தங்காது. கார்த்திகையில் விருதுநகர் கிளப் ஒன்று லீக் ஆட அவனைக் கூப்பிட்டது. அங்கே புல் மைதானம்.

"ஒரு சீசனாவது புல்லுல விளுந்து பாத்துர்றேன் அண்ணாச்சி. இதை விட்டா எனக்கு வயசாயிரும்" என்றான். கேட்ட எனக்கே மனசு கனத்துப்போனது. அண்ணாச்சி அசையவில்லை.

பெயர் பதிய மறுநாள் கடைசி என்கிற நிலையில், அந்தக் கிளப்பின் செயலாளர் ஹரிஷ்குமார் அச்சகத்துக்கே வந்துவிட்டார். மாரிக்கண்ணன் ஓரமாக நின்றான்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஆள் தாரோம் அண்ணாச்சி. ரெண்டு கேட்டா எப்படி?"

"பத்திரத்துல எளுதியிருக்குல்ல? எளுதுனா எளுதுனதுதான்."

ஹரிஷ்குமார் கால்பந்து சங்கத்துக்குப் போவேன் என்றார். அண்ணாச்சி கோர்ட்டுக்கே போவேன் என்றார். மேஜையில் பத்திரத்தை எடுத்து விரித்தும் போட்டார்.

மூலையில் தேதித்தாள் அடுக்கிக்கொண்டிருந்த பொன்மணி எழுந்து வந்தாள். மாரிக்கண்ணனின் மனைவி, அந்த அச்சகத்தில்தான் வேலை. முந்நூற்று அறுபத்தைந்து தாளில் ஒன்று மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவதே அண்ணாச்சிதான்.

பத்திரத்தைப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"2025 ஆகஸ்ட் மூணுன்னு போட்டிருக்கீக அண்ணாச்சி. அந்தத் தேதி இன்னும் வரவே இல்லையே!"

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிப் படித்தார். பிறகு என்னை முறைத்தார்.

"ஏலே ராஜபாண்டி, நீயும் பாக்கலையாலே?"

நான் எங்கே பார்த்தேன்? அன்றைக்குப் பொங்கலும் சுண்டலும் காத்திருந்தன.

கைதவறி எழுதியது என்று அவர் வாதாடியிருக்கலாம். ஆனால் தேதியை வைத்துப் பிழைக்கிற மனிதர். ஹரிஷ்குமார் பக்கம் திரும்பி, "கூட்டிட்டுப் போங்க. ஒரு ஆளும் தர வேண்டாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப வார ஆடிப்பெருக்குல இருந்து மூணு வருசம் இவன் நமக்குத்தான?"

"பத்திரத்துல அப்படித்தான இருக்கு" என்றாள் பொன்மணி. மாரிக்கண்ணன் வேகவேகமாகத் தலையாட்டினான்.

அந்த சீசன் முழுக்க அவன் புல்லில் ஆசைதீர விழுந்தான். அவன் அணி மூன்றாவதாக வந்தது. அண்ணாச்சி ஒரு ஆட்டம் விடாமல் போய்ப் பார்த்தார். எதிரணிக்குக் கை தட்டுவதாக எங்களிடம் சொல்லிக்கொண்டார்.

போன ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை. அச்சகத்தில் 2026 காலண்டர்களுக்குப் பூஜை ஏற்பாடு. மாரிக்கண்ணன் கையுறைகளோடு தெருமுனையில் திரும்பியபோது அண்ணாச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவனைக் கண்டதும் தெருவே கேட்கக் கத்தினார்:

"ஏலே மாரிக்கண்ணா, இன்னைக்குத் தேதி மூணுலே!"