வள்ளத்துக் குழாயும் காஸ் அடுப்பும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இன்று மன்னாரில் மூன்று மீன்பிடி வள்ளங்கள் என்னுடையவை. அவற்றின் எஞ்சின்களில் நான் கழற்றிப் பூட்டாத பகுதி இல்லை. அதனால், போன மாதம் எங்கள் காஸ் அடுப்பின் குழாயில் கீறல் விழுந்திருந்ததைக் கண்டபோது நான் கடைக்குப் போகவில்லை. வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போகும் பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டிப் பூட்டி, சிலிண்டரைத் திறந்தேன்.

தேநீர் போடக் குசினிக்குள் வந்த என் மனைவி திரேசம்மா மூக்கைச் சுளித்தாள்.

“இஞ்சாருங்கோ, காஸ் மணக்குது.”

“அது குழாயில ஊறின மண்ணெண்ணெய் மணம். நாப்பது வருசம் எஞ்சினோட கிடந்தவனுக்கு நீ படிப்பிக்கிறியோ? பத்த வை!”

“எஞ்சின் உங்கட. குசினி என்ர.”

நெருப்புப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்திரம் கழுவிய சவர்க்கார நுரையை அள்ளிக் குழாயின் பொருத்தில் பூசினாள். நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது; கசிந்தது காஸேதான். உடனே சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்தேன்.

பழைய காஸ் குழாயைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, காஸுக்கென்றே செய்த குழாய் வாங்கி வந்தேன். இப்போதும் எங்கள் வீட்டில் சிலிண்டர் பூட்டுவது நான்தான். என்னைப் போல் இறுக்கமாகப் பூட்ட ஆளில்லை. ஆனால் திரேசம்மா நுரை பூசி, “ஓம், பத்த வையுங்கோ” என்று சொல்லும்வரை நெருப்புப்பெட்டி அவளிடம்தான் இருக்கும்.