நாட்டியப் பள்ளியில் ஒரு மொட்டைத் தலை

யுத்தம் முடிந்த வருஷம். திருத்தணியில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சென்னையில் ஒரு நாட்டியப் பள்ளிக்கு ரயிலில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பகல் சாப்பாடும் அங்கேதான். ஆசை ஆசையாகக் காத்திருந்த நேரத்தில் பாழாய்ப்போன விஷக்காய்ச்சல் வந்தது. நான் பிழைத்தால் முடி இறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டாளாம். பிழைத்தேன். புறப்படவிருந்த வாரத்திலேயே மலையில் மொட்டை போட்டுவிட்டார்கள்.

"முருகனுக்குக் குடுத்த முடிக்கா அழுவுற?" என்று அம்மா அதட்டினாள். எங்களூரில் மொட்டைத் தலை யார் கண்ணையும் உறுத்தாது. சென்னையில் அப்படியா? துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே மயில் நடனம் ஆடிய அக்காவை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் அவளோடு சேர்ந்து சுழன்றது. நான் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து இலை போட்டார்கள். வந்த பெண்களுக்கெல்லாம் மல்லிகைச் சரம் வைத்துவிட்டுத்தான் பரிமாறுவார்களாம். அந்த அக்காவே வரிசையாக வைத்துக்கொண்டு வந்தாள். என் துண்டை விலக்கியவள் திகைத்துப்போனாள்.

"மொட்டைக்கு எதுக்குக்கா பூ?" என்றாள் எங்கள் வகுப்புக்காரி ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து கிணற்றடிக்கு ஓடிவிட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்தாள். "வா, சாப்பிடலாம்."

"காய்ச்சல் வந்து மொட்டை போட்டுட்டாங்கக்கா. எனக்குப் பசிக்கலை" என்றேன். சாம்பார் வாசனையில் வயிறு கூப்பாடு போட்டது வேறு விஷயம்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலைக் கழற்றினாள். அத்தனையும் சவுரி! உள்ளே கழுத்தைக்கூட எட்டாத குட்டை முடி.

"எனக்கும் காய்ச்சல்தான்டி. திருப்பதியில குடுத்துட்டு வந்தேன். வெளியாளுங்க முன்னால இதக் கழட்டினதே இல்ல."

மறுபடியும் மாட்டிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். சவுரியைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து அப்படியே பந்திக்கு அழைத்துப் போனாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "ரசம் ஊத்திக்கினியா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட வைத்தாள். அழுதுகொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவள் பேர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இன்றைக்கும் கூட்டத்தில் யாராவது கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தால், ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பேசாமல் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.