அம்புக்கோடு இல்லாத பலகை

முகப் பவுடரும் கருவாடும் ஒன்றாகக் கலந்தால் எப்படி நாறும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் குப்பத்தில், வலை பின்னும் "கொட்டாய்" ஒன்றின் நடுவே, கவிழ்த்துப் போட்ட இரண்டு மீன் பெட்டிகளின் மேல் கிடந்த "கேரம்போர்டி"லிருந்து எழுந்த நாற்றம் அது. காய் வழுக்கி ஓடுவதற்காகத் தூவ வேண்டிய போரிக் பவுடரை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அம்மாவின் தகர டப்பாவிலிருந்து நான் திருடி வரும் முகப் பவுடரைத்தான் தூவுவோம். கடல் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் காயும் நெத்திலியின் மேல் படிய விட, நெத்திலிக்குச் சொந்தக்காரியிடம் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று வசவு வாங்குவோம். இதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கண் கலங்குவதில்லை. கோபம்தான் வருகிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. போன மாதம் என் தம்பி சேகர், மாமல்லபுரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன், யாரோ எழுதிய ஒரு பதிவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, அதுல உன் பேரு வந்துகீது பாரு. எழுதுனது வித்யான்னு போட்டுகீது. நம்ம வித்யாவா இன்னா?" என்று குரலிலும் ஒரு செய்தி போட்டிருந்தான். நம்ம வித்யாவேதான். "சின்ன வயதில் ரசித்தவை, இன்றைக்கும் சலிக்காதவை" என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்து டிவி படம், வாடகை நூலகத்துப் படக்கதைப் புத்தகங்கள், பால் ஐஸ், கடைசியாக, "என் உயிர்த்தோழி அம்சாவோடு கடற்கரையில் ஆடிய கேரம்." கீழே இருபது முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

உயிர்த்தோழியாம். செங்கல்பட்டில் நர்ஸ் வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே இதைப் படித்த எனக்கு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. அவள் பட்டியலில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அவள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள், நான் அவள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாராவது எழுந்து நின்றால் கதாநாயகன் தலை தெரியாமல், கொசுக்கடியோடு பாதிப் படம் பார்த்தேன். அந்தப் படங்களைச் சமீபத்தில் திரும்பப் பார்த்தேன். அபத்தம். கதாநாயகன் ஓங்கி அறைந்ததும் திமிர் பிடித்தவள் திருந்திவிடுகிறாள். படக்கதைகளும் அப்படித்தான். பால் ஐஸோ வெறும் சாக்கரின் தண்ணீர், அதைத் தின்றவர்கள் உயிரோடிருப்பதே பெரிய விஷயம். சின்ன வயதில் பிடித்ததெல்லாம் தேன் என்று உருகுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஆனால் கேரம் விஷயத்தில் அவள் சொன்னது உண்மை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அது சலிக்கவில்லை. இன்றைக்கும் ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தால் வயிற்றுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது.

அந்தப் பலகை எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். குப்பத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஆராய்ச்சி வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்த சம்பளக் குடும்பங்கள் குடியிருந்த "குவார்ட்டர்ஸ்" இருந்தது. என் அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே வீடு வீடாக மீன் விற்பாள். அந்தக் குவார்ட்டர்ஸ் கிளப்பில், பழசாகிவிட்டது என்று தூக்கி வைத்திருந்த பலகையை, அங்கிருந்த வாட்ச்மேன் ஒரு கூடை நண்டுக்கு என் நைனாவிடம் கொடுத்துவிட்டார். வரும்போதே அதில் பாதிக் கோடுகள் தேய்ந்திருந்தன. மீதியை எங்கள் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் தின்றுவிட்டது. ஸ்ட்ரைக்கர் வைப்பதற்கான இரட்டைக் கோட்டை நாங்களே அளவுகோலும் பால்பாயிண்ட் பேனாவும் வைத்துத் திரும்பப் போட்டோம். நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்காக உள்ளே வரும் அம்புக்கோடுகளைப் போடவில்லை. அவை அழகுக்காக வரைந்த பூ வேலை என்று நினைத்தோம். எங்களுக்குச் சொல்லித்தர அங்கே யார் இருந்தார்கள்?

அம்மா மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று வித்யா வீடு. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது. ஒரு கோடை விடுமுறையில் அம்மாவோடு கூடை பிடிக்கப் போன என்னிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். மறுநாளே அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு கொட்டாய்க்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கவே தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். விரலை எப்படி மடிக்க வேண்டும், காற்று கடல் பக்கமிருந்து வந்தால் காயை எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும், ஓரமாய் ஒட்டிக்கொண்ட காயை எடுக்க ஸ்ட்ரைக்கரைக் கோட்டின் கடைசி வரை, மூலைக்கே நகர்த்தி வைத்து எப்படி வெட்ட வேண்டும், எல்லாம். அந்த மூலை வெட்டுதான் என் பேர் போன அடி. குப்பத்து ஆண் பிள்ளைகளே என் எதிரில் உட்காரத் தயங்குவார்கள். சாயங்காலம் வித்யாவைக் கூட்டிப்போக வரும் அவள் அப்பா, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நான் ஆடுவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்பார். பெரிய மனிதர் ரசிக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியாது.

விடுமுறையின் கடைசியில் குவார்ட்டர்ஸ் கிளப்பில் பிள்ளைகளுக்கான போட்டி வைத்தார்கள். அந்த வருடம் குப்பத்துப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். முதல் பரிசு புதிய பலகை, காய்களோடும் ஸ்ட்ரைக்கரோடும். அது நம் கொட்டாய்க்கு வந்துவிடும் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் முடிவே கட்டிவிட்டார்கள்; பழைய பலகையை உடைத்து அடுப்பில் வைத்துவிடலாமா என்றுகூடச் சேகர் கேட்டான். முந்தைய ஆட்டங்களை மூலை வெட்டுக்குத் தேவையே வராமல் ஜெயித்துவிட்டேன். இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே வித்யா. எனக்கு ஒரே ஒரு காய் பாக்கி, சிவப்பும் என் கையில்; அவளுக்கு மூன்று காய்கள் பாக்கி. என் காய் ஓரத்தில் ஒட்டியிருந்தது. நான் ஸ்ட்ரைக்கரை மூலைக்குத் தள்ளி வைத்து வெட்டினேன். காய் உள்ளே விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்கள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் நடுவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அப்போது வித்யா கையைத் தூக்கினாள். "சார், அவ ஸ்ட்ரைக்கர் அம்புக்கோட்டைத் தொட்டுது சார்" என்றாள். நடுவர் என்னைப் பார்த்து, "ஆமாம்மா, நானும் பார்த்தேன். தொடக் கூடாது, தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. விழுந்த காயை எடுத்து நடுவில் வைத்தார், அபராதமாக இன்னொரு காயையும் வைத்தார். ஆட்டம் அவள் கைக்குப் போனது. மூன்று காய்களையும் நான் சொல்லிக் கொடுத்த விதத்திலேயே போட்டு முடித்தாள். எழுந்து நின்று கேட்டேன்: "கொட்டாய்ல தினம் இப்படித்தானே ஆடினோம்? உனக்கு முன்னாலயே தெரியுமா?" அவள், பலகையைத் தூக்கிக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்தாள். அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றலாகி அவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டில் நான் சோறு தின்னாமல் கிடந்தபோது அம்மா ஆறுதல் சொல்லவில்லை. "கோவம் சோறு போடுமாடி? அவங்க வூட்ல வாரத்துல நாலு நாளு மீனு வாங்கறாங்க. உன் சண்டைய இட்டுகினு வந்து என் பொழப்புல மண்ணப் போடாத" என்றாள். மறுநாளும் அந்த வீட்டு வாசலில்தான் கூடையை இறக்கினாள். அவளையும் நான் பல வருடம் மன்னிக்கவில்லை.

ஆக, முப்பத்தைந்து வருடமாக எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். அவளுக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா? நான் தொடுவேன் என்று முன்னால் நினைக்காமல், அந்த நொடியில் கண்ணில் பட்டுச் சொல்லியிருந்தால் அது ஆட்டம். தெரிந்தே, எனக்குச் சொல்லாமல், நான் தொடுவேன் என்று காத்திருந்து சொல்லியிருந்தால் அது வேறு. இதைப் போய்ச் சின்னப் பிள்ளை விவகாரம் என்று என் கணவர் சொல்கிறார். அவர் கேரம் ஆடாதவர், விடுங்கள்.

வித்யா இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வீடு வாங்கி, சனி ஞாயிறுகளில் வந்து தங்குகிறாள் என்று சேகர் விசாரித்துச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். ஹாலில் பளபளவென்று ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு கோடும் நேற்றுப் போட்டதுபோல் தெளிவாக இருந்தது. "ஒரு போர்டு ஆடலாமா அம்சா?" என்றாள். அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் கை இன்னும் நன்றாகவே இருந்தது. ஆட்டத்தின் நடுவில், ஓரத்துக் காய் ஒன்றை எடுக்க அவள் ஸ்ட்ரைக்கரை நகர்த்தினாள். நகர்த்தி நகர்த்தி, கோட்டின் முனையிலிருக்கும் வட்டம் வரை, மூலைக்கே கொண்டுபோய் வைத்தாள். குப்பத்துப் பலகையில் நான் சொல்லிக் கொடுத்த அதே இடம். வெட்டினாள். காய் விழுந்தது.

"ஃபவுல்" என்றேன். "அம்புக்கோடு."

அவள் குனிந்து பார்த்தாள். விழுந்த காயோடு இன்னொரு காயையும் எடுத்து நடுவில் வைத்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். "எனக்கும் அந்த ரூல் தெரியாது அம்சா. ஃபைனலுக்கு முந்தின நாள் அப்பாதான் சொன்னார். அந்தப் பொண்ணு மூலையில வெச்சு அடிப்பா, கோட்டைத் தொடும், பார்த்துக்கிட்டே இரு, தொட்டதும் கையைத் தூக்குன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சிருப்பே."

பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆறவில்லை. ஒருவேளை திட்டமிடாமல் செய்திருப்பாளோ என்று இத்தனை வருடமாக அவளுக்கு ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய மனிதர் ரசிக்கவில்லை, என் கையில் குறை தேடிக்கொண்டிருந்தார். என் காது இரண்டும் சுட்டது. எழுந்து பால்கனிக்குப் போனேன்.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் குப்பம் தெரிகிறது. கொட்டாய் இருந்த இடம் இப்போது கடலுக்குள் இருக்கிறது. கரையைக் காப்பதற்குக் கொட்டிய கருங்கற்கள்தான் தெரிகின்றன. அன்று கிளப் ஜன்னலுக்கு வெளியே நின்று கூச்சல் போட்டவர்களில் இரண்டு பேரைக் கடல் கொண்டது, ஒருவனைக் குடி கொண்டது. மற்றவர்கள் ஓட்டல்களிலும் கல் பட்டறைகளிலும் வேலைக்குப் போகிறார்கள், பலகை முன்னால் உட்கார யாருக்கும் நேரமில்லை. செங்கல்பட்டில் என்னோடு ஆடுகிற நர்ஸுகளோ நான் மூலைக்குக் குறிவைத்தாலே போனை எடுத்துவிடுகிறார்கள். எனக்குச் சரிசமமாக ஆடத் தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம், அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மிச்சமிருந்த என் காய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு முடித்தேன். வித்யாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, பலகைப் பவுடரில் சொட்டி, சிறு சிறு கட்டிகளாகிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடு அம்சா" என்றாள்.

புறங்கையால் அந்தக் கட்டிகளைத் துடைத்துவிட்டு, "காயை அடுக்கு" என்றேன்.